இருபது கிலோவுக்குக் கீழே

வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்
எங்கள் எடைமேடை.
ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை
வண்டி எண், சரக்கு, மொத்தம், காலி, நிகரம்:
நான் எழுதுவது இவ்வளவுதான்.
வைக்கோல், தேங்காய் மட்டை, கோழித்தீவனம்.
ஓணத்துக்கு முந்தின வாரமென்றால்
விடியும்வரை வாழைக்காய்.

ஆடிக்காற்றில் ஓர் இரவு
வண்டியே வரவில்லை.
நானே ஏறி மேடையின் நடுவில் நின்றேன்.
ஜன்னலில் சிவப்பாக 60.
அதற்கு இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும்.
இடையில் கிடக்கும் நாலும் எட்டும்
கணக்கில் வராது.
எனக்கு அப்போது எல்லாமே
அந்த இடைவெளிக்குள்தான் நடந்துகொண்டிருந்தது.

பகலில் படுத்தால் தூக்கமில்லை.
உப்பு சரியா என்று தங்கமணி கேட்டால்
சரி என்பேன்.
என்ன குழம்பு என்று கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

முதலில் ஒரு கயிறு, மந்திரித்தது.
பிறகு கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி.
"திருமூர்த்தி, மனநலம்" என்று
கூடம் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டார்கள்.
எங்கள் ஊர் உரக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.
டோக்கனை பெஞ்சிலேயே வைத்துவிட்டு
பஸ் ஏறிவிட்டேன்.

சடையப்பன் தீவன லாரி ஓட்டுகிறவன்.
ரசீதுக்கு நிற்கும்போது
அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி
என் பாட்டில் தண்ணீரையே குடித்தான்.
சுகரா என்றேன்.
"இல்லப்பா, மனசுக்கு."
டயருக்குக் காத்து என்கிற மாதிரி சொன்னான்.

ரசீதில் காலி எடையை
மொத்தத்தில் எழுதியிருந்தேன், மூன்றாவது தடவையாக.
விரலால் தொட்டுக் காட்டினான். திட்டவில்லை.
"கொழிஞ்சாம்பாறை கவர்மெண்ட் ஆஸ்பத்திரி.
ரெண்டாவது வியாழன் வருவாங்க.
ஊசி போடற ரூமுக்குப் பின்னால.
வாசல்ல செருப்பு நிறையக் கெடக்கும், பாரு."

அந்த வியாழன் செருப்புகளைப் பார்த்தேன்.
எதிரில் ஒரு டீ குடித்தேன்.
வந்துவிட்டேன்.

அடுத்த மாதம்தான் உள்ளே.
ரம்லத் சிஸ்டர் நோட்டைத் திறந்து
"விஷமம் வல்லதும் உண்டோ?" என்றார்.
விஷமமா?
"நான் யாருக்கும் ஒரு விஷமமும் பண்ணலீங்க."
பக்கத்து நாற்காலியில் மருந்துப்பை வைத்திருந்த அம்மா
வாய்பொத்திச் சிரித்தாள்.
"அது நம்ம விஷமம் இல்லைங்க.
இங்க விஷமம்னா வருத்தம்."

வருத்தமா.
உண்டு, சிஸ்டர்.
சொந்தப் பேச்சில் வாயைத் தாண்டாத ஒன்று
அடுத்த மொழிக்குப் பதிலாக வந்துவிட்டது.

தூக்கமில்லாதது, ரெண்டு வாரத்தில் எத்தனை நாள்?
எண்ணில் கேட்டால் எனக்குச் சொல்ல வரும்.
பதினொன்று.
பசி?
ஒன்பது.
இருக்கவே வேண்டாம் என்று தோன்றியது?
பேனா அவசரப்படவில்லை.
பின்னால் ஃபேன் கடகடத்தது.
மூன்று என்றேன்.
மூன்று என்றே எழுதினார்.
இருபது ஆக்கவில்லை,
பூஜ்யத்துக்கும் தள்ளவில்லை.

ஆதாரில் தமிழ்நாடு என்று தயங்கி நீட்டினேன்.
"ராத்திரி எவிடெயா?"
எடைமேடை.
விலாசம் என்ற இடத்தில் அதையே எழுதிக்கொண்டார்.
அப்புறம் என் நம்பரை வாங்கி,
அவர் நம்பரை மாத்திரை உறையின் பின்னால் எழுதி,
அந்த மூன்று நாளில் ஒன்று திரும்ப வந்தால்
எத்தனை மணியானாலும் கூப்பிடச் சொன்னார்.

ஒருமுறை கூப்பிட்டேன். இரண்டரை மணிக்கு.
எடுத்தார்.
என்ன பேசினோம் என்பது ஞாபகமில்லை,
நடுவில் ஒரு வாழைக்காய் லாரி வந்தது,
எடை போட்டுவிட்டு வரும்வரை
லைனிலேயே இருந்தார்.

முதல் பத்து நாள் வாய் காய்ந்தது, வேறொன்றுமில்லை.
சடையப்பனிடம் குறைப்பட்டேன்.
அவன் புளிப்பு மிட்டாய் கொடுத்தான்.

நேற்று ரசத்தில் உப்பு அதிகம்.
சொன்னேன்.
கரண்டியோடு நின்றவள்
இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

வண்டி வராத நேரத்தில் இப்போதும் ஏறிப் பார்க்கிறேன்.
அறுபதுதான்.
சிஸ்டரின் மிஷினில் ஐம்பத்தாறரை.
போன மாதத்தைவிட
ஒன்றரை கூட.